முறைப்பாட்டுக்காரன் சொல்கிறேன்

2023 பெப்ரவரியில் ஒரு விடியற்காலை கராஜைத் திறக்கப் போனால், பின்பக்கத் தகரம் மடங்கிக் கிடக்கிறது. நான்கு பற்றறிகள், திருத்த வந்த மோட்டார் சைக்கிளின் கார்பரேட்டர், மேசை லாச்சிக்குள் கிடந்த போன், சில்லறையாக ஆறாயிரம் ரூபாய். இவ்வளவும் போய்விட்டன. பொலிஸுக்குக் கொடுத்த பட்டியலில் கொட்டைகளை அளவு பார்த்து இறுக்குகிற ஜப்பான் டோர்க் றெஞ்ச் ஒன்றையும் சேர்த்தேன். தேடினேன், கிடைக்கவில்லை. அதையும் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணமே சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. மோட்டார் சைக்கிள் ஓடாவிட்டால் எனக்கு வேலை ஏது? அந்தக் கிடங்கிலிருந்து அப்போதுதான் தலையைத் தூக்கியிருந்தேன். அதனால் வந்த கோபம் ஆறாயிரம் ரூபாய்க்கு வருகிற கோபம் அல்ல.

கமராவில் முகம் தெளிவாக விழுந்திருந்தது. உயர்ந்த, மெலிந்த ஒரு பெடியன். தகரத்தை மடக்கும்போது ஒருமுறை கமராவை நிமிர்ந்தும் பார்த்தான். பொலிஸுக்குப் போவதற்கு முன்பே அந்த வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டேன். 'இவனைத் தெரிந்தவர்கள் அறியத் தரவும்' என்று ஒரு வரி. மத்தியானத்துக்குள் எல்லா வட்ஸ்அப் குழுவுக்கும் போய், கனடாவில் இருக்கும் என் மச்சானே எடுத்துக் கேட்டார். பின்னேரம் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, அம்மம்மாவோடு இருக்கும் பெடியன். வயது பதினைந்து.

அன்றைக்கு எனக்குப் பெரிய திருப்தி. பொலிஸ் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று நாலு பேரிடம் சொன்னேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த வழக்குக்குப் பிறகு இதே மாதிரிச் சிக்கலில் மாட்டிய மூன்று குடும்பங்கள் என்னிடம் வந்து ஆலோசனை கேட்டுவிட்டன. கோடு கச்சேரி ஏறாத குடும்பத்துக்கு இந்த விஷயத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நான் சட்டத்தரணி இல்லை. முறைப்பாட்டுக்காரனாக நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் அம்மம்மா "பதினைஞ்சு வயசு, ஐயா" என்று சொல்லச் சொல்ல, இருந்த உத்தியோகத்தர் பெடியனின் உயரத்தைப் பார்த்துச் சிரித்தார். குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணியதற்காகப் பிடித்து வந்திருந்த இரண்டு ஆம்பிளைகளோடு அதே வாங்கில்தான் அவனும் இருந்தான். சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிற விஷயம். இது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு சிறுவர், பெண்கள் பிரிவில் இருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து அவனை வேறு அறைக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு பேச்சுத் தொனியே மாறியது.

என்னிடம் வந்த மூன்று குடும்பத்துக்கும் நான் முதலில் சொன்னது, பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள் என்பதைத்தான். இந்தப் பெடியன் 2007 கடைசியில் வன்னியில் பிறந்தவன். கைக்குழந்தையாக முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து, பிறகு இங்கே வந்த குடும்பம். சான்றிதழ் எங்கே இருக்கும்? பிரதேச செயலகத்தில் முன்பொருமுறை எடுத்த பிரதி ஒன்று அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள், சேலைக்கு அடியில் இருந்தது. அது இல்லையென்றால் இரண்டு, மூன்று நாள் அவன் பதினெட்டு வயதுக்காரனாகவே நடத்தப்பட்டிருப்பான்.

ஏனென்றால் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் முழுக்க வயதில்தான் தொங்குகிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது. 2018 வரை இந்த எல்லை எட்டு வயதாக இருந்தது. எட்டு வயது! மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் என்றால், தான் செய்வது என்னவென்று விளங்கும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். அதற்கு மேலே பொறுப்பு உண்டு, ஆனால் விசாரணை வேறு வழியில் நடக்கும். முன்பு பதினாறோடு இந்தத் தனி வழி முடிந்துவிடும். 2022இல் வந்த திருத்தத்தால் பதினெட்டு வரை நீண்டது.

அடுத்தது வாக்குமூலம். எங்கள் பக்கம் பல நிலையங்களில் இன்றும் எழுதுகிற கை சிங்களத்தில்தான் எழுதும். வாசிக்கத் தெரியாத தாளில் பிள்ளையைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். தமிழில் எழுதுங்கோ, அல்லது வாசித்து விளங்கப்படுத்துங்கோ என்று கேட்பது உரிமை. மரியாதையாகக் கேட்டால் போதும், பெரும்பாலும் செய்வார்கள். இன்னொன்று, பிள்ளையைப் பார்த்ததும் அங்கேயே வைத்து அடிக்காதீர்கள். நாங்கள் கண்டிப்பான ஆட்கள் என்று பொலிஸுக்குக் காட்டத்தான் பல தகப்பன்மார் அடிக்கிறார்கள். பிள்ளைக்கு அதில் விளங்குவது ஒன்றுதான்: அந்த அறையில் தன் பக்கம் ஒருவரும் இல்லை.

பிடித்தவரை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம். அம்மம்மாவுக்கு இதெல்லாம் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை. நான் எதிர்ப்பக்கத்தில் நின்றேன்.

பத்தரமுல்லையில் உள்ளது போல யாழ்ப்பாணத்திலும் சிறுவருக்கென்று ஒரு நீதிமன்றம் இயங்குகிறது. வேறு பல இடங்களில் வழமையான நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்வார். சினிமாவில் பார்க்கிற மாதிரிக் கூட்டம் கிடையாது. வழக்கோடு தொடர்பு உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே. பேர், பாடசாலை, முகவரி எதையும் பத்திரிகையில் போட முடியாது.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டோ மூன்றோதான். எத்தனை மணிக்குக் கடை பூட்டினீர்கள், என்னென்ன போயின. பட்டியலை வாசித்தபோது பெடியன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, "அந்த றெஞ்ச் நான் எடுக்கேல்லை" என்றான். மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டவன் அதை மட்டும் மறுத்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு அம்மம்மாவிடம் கேள்விகள் தொடங்கின. அவை முடிவதாக இல்லை. இரவில் எத்தனை மணிக்கு வருகிறான்? எங்கே படுக்கிறான்? காலையில் யார் எழுப்புவது? கடைசியாகப் பள்ளிக்கூடம் போனது எப்போது? தாய் எந்த நாட்டில், எப்போது எடுப்பார்? காசு யார் பேரில் வருகிறது? நான் பின்னுக்கு இருந்து, என் பற்றறியைப் பற்றி யாராவது கதைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். களவு போனது எனக்கு, விசாரிப்பது அவன் நித்திரையைப் பற்றியா?

தாய் குவைத்தில் வீட்டு வேலை. நுண்கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னொன்று எடுத்து, கடைசியில் விமானம் ஏறியவர். தகப்பன் வேறு குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தே ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் பிழை விட்டால் காரணம் சொல்ல இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி யுத்தம் என்கும். மற்றக் கட்சி போன், சினிமா, வாள் படம் என்கும். வாள்வெட்டுக் குழு, ஆவா குழு என்று ஊர் நடுங்கிய காலத்தில் இரண்டு கட்சியும் மேடை போட்டுக் கதைத்தன. எனக்கு இப்போது இரண்டிலும் பெரிய நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். காசுள்ள பிள்ளை ரியூசனுக்குப் போகும், இரவு ஏழு வரை யாரோ ஒருவரின் கண்ணில் இருக்கும். காசில்லாத பிள்ளை சந்தியில் நிற்கும். அங்கே மோட்டார் சைக்கிளோடு இருபத்தைந்து வயது அண்ணாமார் நிற்பார்கள். கொத்து ரொட்டி வாங்கித் தருவார்கள், ஒரு சுற்று ஓடத் தருவார்கள். இந்தப் பெடியனுக்கு அவர்கள் சொன்னது இதுதான்: "உனக்கு வயசு காணாதடா. பிடிச்சாலும் விட்டுடுவாங்கள்."

பாருங்கள், சட்டம் பிள்ளைக்கு வைத்த பாதுகாப்பை அவர்கள் தங்களுக்குப் பாதுகாப்பாக்கிக்கொண்டார்கள். போதைப்பொருள் கடத்தப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். ஆனால் பிள்ளை பேரைச் சொல்ல வேண்டுமே. இவன் அந்த வீட்டையும் ஒழுங்கையையும் விட்டு வெளியே வந்து ஏழு மாதத்துக்குப் பிறகுதான் பேர் சொன்னான். என் பற்றறிகளுக்கு அவனுக்குக் கிடைத்தது இரண்டாயிரம் ரூபாய்.

நன்னடத்தை உத்தியோகத்தர் என் கராஜுக்கே வந்தார். ஸ்கூட்டியில், கையில் ஒரு கோப்போடு. ஊரில் 'புரபேசன்' என்று சொன்னால்தான் விளங்கும். நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது இவர்கள் வேலை, அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கட்டளை வரும். பிள்ளைக்காரர் ஒளித்து மறைத்துக் கதைத்தால் நட்டம் பிள்ளைக்குத்தான். தகப்பன் குடிப்பார் என்றால் குடிப்பார் என்று சொல்லிவிடுங்கள்.

"அண்ணை, உங்களுக்கு என்ன நடக்கவேணும்?" என்று கேட்டார்.

"உள்ளுக்குப் போடுங்கோ. அப்பதான் திருந்துவான்."

அவர் கோபப்படவில்லை. அச்சுவேலியில் சான்றுபெற்ற பாடசாலை, அதாவது பிழை விட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துத் திருத்தும் இடம், இருக்கிறது, நீதிமன்றம் அங்கே அனுப்பலாம் என்றார். வீட்டில் ஆளே இல்லாத பிள்ளைக்குச் சிலவேளை அதுதான் வழி என்றும் சொன்னார். "ஆனா வெளியில வந்தா எங்க வருவான்? இதே ஒழுங்கைக்குத்தானே? அப்ப அந்த அண்ணாமார் எங்க நிப்பினம்?"

எனக்குப் பதில் வரவில்லை. முந்தி நல்லா இருந்தது, கோட்டிலேயே பிரம்படி கொடுத்து அனுப்புவாங்கள் என்று என் பெரியப்பா அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லிப் பார்த்தேன். அது 2005இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு, உத்தியோகத்தர் தேத்தண்ணியைக் குடித்தார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பிள்ளையைப் பொறுப்பெடுக்கத் தகுந்த ஆள் ஒருவர் இருந்தால், உறவோ அயலோ, அவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். கூடவே நன்னடத்தைக் கட்டளை, ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மேற்படாமல். பெடியனுக்கு வடமராட்சியில் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். மேசன் வேலை, ஒழுங்கான மனுசன், பிள்ளைகளும் படிக்கின்றன. முதல் நாள் கூட்டிக்கொண்டுபோகச் சம்மதித்தவர், இரண்டாம் நாள் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன்?"

"உங்கட வீடியோ, அண்ணை. அவரின்ட மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் அது போயிட்டுது."

வீடியோவை அப்போதே அழித்தேன். என்ன பயன்? நான் அழித்தது என் பக்கத்தில் இருந்ததை. ஊரில் எத்தனை போனில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நீதிமன்றம் கதவைப் பூட்டிக்கொண்டு, பேர் வெளியே போகாமல் விசாரிக்கிறது. நான் அதற்கு முன்பே அவன் முகத்தை ரொறன்ரோ வரைக்கும் அனுப்பிவிட்டேன். களவெடுத்தவனைப் பிடிக்க வீடியோவைப் பொலிஸிடம் கொடுத்திருந்தாலே போதும். இரண்டு ஒழுங்கைதானே, பிடித்திருப்பார்கள். ஒரு நாள் பிந்தியிருக்கும்.

இப்போது யாராவது கடைக்காரர் 'கமராவில் பிடிபட்டான்' என்று பிள்ளையின் முகத்தோடு போட்டால் நான் உள்பெட்டியில் எழுதுகிறேன். சிலர் ஏசுகிறார்கள். பரவாயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பிளேன்ரி தந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போட்டது பிழை என்றேன். வழக்கு என்னுடையது, எனக்கே அவன் உங்களோடு இருப்பதில் ஆட்சேபனை இல்லை என்றேன். கெஞ்சினேன் என்றும் சொல்லலாம். மனுசன் நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "களவு குடுத்தவர் நீங்களே வந்து கேக்கிறியள். நான் என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?" என்றார். தங்கச்சியின் பிள்ளை என்ற பாசம் உள்ளே இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது ஊருக்குச் சொல்ல ஒரு காரணம்.

ஓராண்டுக் கட்டளை கிடைத்தது. மாதம் ஒருமுறை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும், குறிப்பிட்ட ஆட்களோடு சேரக் கூடாது. எனக்கு நட்டஈடு இரண்டு தவணையில், தாய் குவைத்தில் இருந்து அனுப்ப வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது கோட்டு வேலையை விடக் கஷ்டமாக இருந்தது. முதலில் போன பாடசாலை இடமில்லை என்றது. மற்றப் பெற்றோர் வீடியோவைப் பார்த்திருக்கினம் என்று அதிபர் பிறகு மெதுவாகச் சொன்னாராம். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம், 2016இல் இருந்து அதுதான் சட்டம். இதைச் சுட்டிக்காட்டி நன்னடத்தை அலுவலகத்தின் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன பிறகு வேறு பாடசாலை கிடைத்தது. ஆறு கிழமை போய்விட்டது. அந்த ஆறு கிழமையும் அவனை வீட்டில் வைத்துக்கொண்டு மாமன் பட்ட பாடு தனிக்கதை.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஐந்தாம் மாதம் இரண்டு சந்திப்புக்குப் போகாமல் பழைய ஒழுங்கைக்கு வந்து, மாவா என்ற போதைப் பாக்கோடு பிடிபட்டான். மீண்டும் நீதிமன்றம். நான் "சொன்னனான்தானே" என்றேன். அந்தத் தடவை அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஆனால் மாமன் வந்து நின்றார், இன்னும் ஒருமுறை பார்ப்பம் என்றார். எச்சரித்து, சந்திப்பைக் கிழமைக்கு ஒன்றாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த அண்ணாமாரின் பேர்கள் வெளியே வந்தன. யாராவது நிற்கிறார்களா என்று அவனும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் போல.

எனக்குக் குற்றவுணர்ச்சி கூடிய ஒரு நாளில், உத்தியோகத்தரிடம், "பெடியனைக் கராஜில வேலைக்கு விடுங்கோ, நான் பழக்குறன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பதினாறு நிரம்பாதவரை வேலைக்கு வைத்தால் 2021இல் வந்த திருத்தப்படி வழக்கு என் மேல் வரும் என்றார். பதினாறுக்கு மேலும் பதினெட்டு வரை ஆபத்தான வேலைகளில் வைக்க முடியாது. கடைக்காரர் பலருக்கு இது தெரியாது. நல்லது செய்வதாக நினைத்துப் பெடியனைக் காலையில் கடையில் நிறுத்தினால், பள்ளிக்கூடத்தில் இருந்து பிடுங்குகிறோம் என்றுதான் அர்த்தம். சாதாரண தரம் எழுதிய பிறகு தொழிற்பயிற்சி அதிகார சபையில் சேர்க்கலாம், சான்றிதழும் வரும் என்றார். அப்படியே நடந்தது. மின்னிணைப்பு வேலை பழகுகிறான்.

நட்டஈட்டின் இரண்டாம் தவணையை நான் வாங்கவில்லை. தாய் குவைத்தில் இருந்து எடுத்து அழுதா. அம்மம்மா "நீங்கள் கடவுள் மாதிரி, தம்பி" என்று ஒரு பை முருங்கைக்காய் கொண்டுவந்து தந்தா. ஊரிலும் நல்ல பேர்.

உண்மை வேறு. இரண்டாம் தவணைக்கு ஒரு மாதம் முன்னர், கோண்டாவிலில் கராஜ் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர் வந்தார். "மச்சான், இதைத் தர மறந்தே போனன்" என்று என் டோர்க் றெஞ்சை மேசையில் வைத்தார். களவுக்கு முந்தைய மார்கழியில் நானே கொடுத்திருக்கிறேன். வாங்காமல் விட்ட தவணையும் றெஞ்சின் விலையும் ஏறக்குறைய ஒன்று. இதை நீதிமன்றத்திலோ, உத்தியோகத்தரிடமோ, அந்தக் குடும்பத்திடமோ நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். முறைப்பாட்டுப் பட்டியலை எழுதும்போது 'இல்லை' என்பதையும் 'களவு போனது' என்பதையும் பிரித்து எழுதுங்கள் என்று மற்றக் கடைக்காரருக்கு மட்டும் சொல்லிவந்தேன்.

போன மாதம் அம்மம்மாவைப் பார்க்க வந்தவன், வழியில் சைக்கிள் சங்கிலி கழன்று கராஜுக்குள் உருட்டிக்கொண்டு வந்தான். இன்னும் உயர்ந்திருக்கிறான், மீசை வேறு.

"அண்ணை, பதினஞ்சாம் நம்பர் ஸ்பானர் ஒருக்கா தாறியளா?"

"சுவரில கொழுவிக் கிடக்கு, எடு" என்றேன், வேலையில் இருந்து நிமிராமல். எடுக்கப் போனவன் நின்றான். நிமிர்ந்து பார்த்தேன். ஸ்பானர்களுக்கு மேலே, தனி ஆணியில் அந்த றெஞ்ச் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதானே அண்ணை, அது?"

"ஓம்."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. பதினைந்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு வந்து குந்தி இருந்து, பின் சில்லுக் கொட்டையை இளக்கத் தொடங்கினான்.